காணாமல் போகாத கோப்பைத் தேடி அரியலூர் போனேன்

அரியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஐம்பது அடி நடப்பதற்குள் என் கறுப்பு பேன்ட் சாம்பல் நிறமாகிவிட்டது. கல் லாரி ஒன்று போயிற்று, அதன் பின்னால் சிமெண்ட் லாரி, அதன் பின்னால் இன்னொரு கல் லாரி. எங்கள் கோயம்புத்தூர்த் தூசி இரும்பு வார்க்கும் பவுண்டரித் தூசி. கறுப்பாக இருக்கும், சோப்புப் போட்டால் போய்விடும். இந்த ஊர்த் தூசி வெள்ளை. வியர்வை பட்டால் அப்படியே இறுகிக்கொள்கிறது. அதைத் துடைத்துக்கொண்டு நடந்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஊர் காரணமில்லை. கோயம்புத்தூரிலிருந்தே கோபத்தோடுதான் கிளம்பியிருந்தேன்.

2006ஆம் வருஷத்துக் கோடை அது. பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தேன். எடைமேடைகளுக்கு லினக்ஸில் ஓடும் நிரல் எழுதுவோம். லாரி மேடை மேல் ஏறி நிற்கும். எடைக் கருவி எண்ணைக் காட்டும். எங்கள் நிரல் அந்த எண்ணை வாங்கிச் சீட்டு அச்சடிக்கும். அந்த நிரலை ஒரு பேக்கேஜாகக் கட்டி, சி.டி.யில் போட்டு அனுப்புவது என் வேலை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம், பேர் வேண்டாம், அங்கே புது சர்வர் வாங்கி வைத்தார்கள். அதில் எங்கள் நிரல் ஓடவில்லை.

“யாரோ ஆபரேட்டர் பொண்ணு கோப்ப அழிச்சுப்போட்டுதாமா. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துரு கண்ணு” என்றார் எங்கள் முதலாளி. கோபம் வந்தால்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். அந்த வெள்ளிக்கிழமை என் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான். மடியில் உட்கார வைக்க நான் இல்லையென்றால் அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். வேறு ஆளை அனுப்புங்கள் என்றேன். “வியாழக்கெழம வந்துருவ” என்றார், பஞ்சாங்கம் பார்த்தவர் மாதிரி.

திங்கட்கிழமை மதியம் சுரங்க ஆபீஸில் எடைமேடைப் பொறுப்பாளர் கோதண்டத்தின் முன் நின்றேன். ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று பேனா. புது சர்வரைப் பெருமையாகக் காட்டினார். முகப்பில் 64 என்று ஒரு ஸ்டிக்கர். “பழசு முப்பத்திரெண்டு பிட்டு. இது அறுபத்திநாலு. டபுளு” என்றார். திருச்சியிலிருந்து வந்த ஆள் லினக்ஸைப் போட்டு, என் சி.டி.யிலிருந்து பேக்கேஜையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு பிழையும் காட்டாமல் அது உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை ஆபரேட்டர் பொத்தானை அழுத்தியதும், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று திரை சொல்லிவிட்டது.

“இங்கிலீஷ்ல தெளிவா போட்டிருக்கு, நீங்களே படிங்க. ஃபைலு இல்லைங்குது. அந்தாளு போட்டுட்டுப் போனான்ல? அப்பறம் அத தொட்டது யாரு? கலைச்செல்விதான். வூட்டுக்கு அனுப்பி அஞ்சு நாளு ஆச்சு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அழிக்கலங்குது. தெரியாம அழிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா விட்டுடறேன்னேன். எழுத மாட்டேங்குது. காலனியிலேருந்து வந்த புள்ளையாச்சேன்னு கம்ப்யூட்டர் முன்னால உக்கார வச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும். வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். லெட்டரு வரலன்னா வேற ஆளு.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை. யாரோ ஒரு பெண் எதையோ அழித்ததால்தானே நான் காதுகுத்தை விட்டுவிட்டு இங்கே வந்து நிற்கிறேன் என்று ஒரு மூலையில் நானும் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை லாட்ஜுக்குப் பக்கத்து மெஸ்ஸில் இட்லியும் சின்ன வெங்காயச் சட்னியும். சட்னி நாக்கைத் தூக்கி நிறுத்தியது. பெரம்பலூர் வெங்காயம் என்றார் பரிமாறியவர். இவ்வளவு வெங்காயத்தை எங்கள் ஊர் ஓட்டலில் நான்கு நாளுக்கு வைத்துக்கொள்வார்கள். சாப்பிட்டதும் கோபம் கொஞ்சம் அடங்கியது. டவுன் பஸ் ஏறியதும் திரும்பி வந்துவிட்டது. பாதி வழியில் டயர் போய் நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அரியலூர ஜில்லாவா ஆக்குனாங்க, அப்பறம் வேணாம்னு பெரம்பலூரோடவே சேத்துட்டாங்க. இப்ப ஒரு சர்டிபிகேட்டுக்கு நான் அங்க போவணும். ஜில்லாவே நிக்கல, பஸ்ஸு நின்னா என்ன?” என்று துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

காலி கல் லாரி ஒன்று ஏற்றிக்கொண்டது. டிரைவர் என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: “அந்தப் பொண்ணு இருந்தா ரெண்டு நிமிசத்துல அனுப்பிவுட்டுரும் சார். இப்ப பேனாவப் புடிச்சுக்கிட்டு எழுதறானுவோ. ஒரு வண்டிக்கு அரை மணி நேரம். நேத்து வெயில்ல நின்னு எனக்கு மயக்கமே வந்துருச்சு.” வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. கடைசி லாரி கண்ணுக்குத் தெரியவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்து முதல் வேலையாக நிரல் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தேன். கோப்பு இருந்தது. நான் கட்டியபோது இருந்த அதே அளவு, அதே தேதி. ஓட்டினேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. மறுபடி பட்டியல் எடுத்தேன், இருக்கிறது. மறுபடி ஓட்டினேன், இல்லை. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், நான் மானிட்டரை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

பிறகுதான் உறைத்தது. தனியாக ஓடுகிற நிரல் என்று எதுவும் அநேகமாகக் கிடையாது. ஒவ்வொன்றும் பல துணைக் கோப்புகளைப் பிடித்துக்கொண்டு ஓடும். எங்கள் நிரல் 32 பிட். அதற்குக் காரணம் எடைக் கருவிக்காரன். கருவியோடு பேசும் துணைக் கோப்பை 32 பிட்டில் மட்டும்தான் கொடுத்தான், மூல நிரலைக் கேட்டால் ரகசியம் என்றான். 64 பிட் இயந்திரம் 32 பிட் நிரலைத் தாராளமாக ஓட்டும். ஆனால் நிரல் கைபிடிக்கிற துணை ஒவ்வொன்றும் 32 பிட்டாகவே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் பட்டறைக்குப் போனவனுக்கு இது தெரியும். அரை இஞ்சு போல்ட்டுக்கு மில்லிமீட்டர் நட்டைப் போட்டால் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மரை சேராது. திருச்சி ஆள் 64 பிட் துணைகளை மட்டும் போட்டிருந்தான். நிரலைத் தூக்கி ஓடவிடும் முதல் துணையே 32 பிட்டில் இல்லை. இல்லை என்று இயந்திரம் சொன்னது அந்தத் துணையைத்தான். எது இல்லை என்று பேர் சொல்லாததால், நிரலே இல்லை என்று எல்லோரும் படித்துக்கொண்டார்கள்.

திருச்சிக்காரனை வாய்க்குள் திட்டினேன். ஸ்டிக்கரைப் பார்த்து சர்வர் வாங்கிய தலைமை ஆபீஸைத் திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி குறுக்கே வந்தது. துணை இல்லாத இயந்திரத்தில் என் பேக்கேஜ் எப்படி உட்கார்ந்தது? எனக்கு இன்னின்னது வேண்டும், இங்கே இல்லை, வர மாட்டேன் என்று வாசலிலேயே மறுத்திருக்க வேண்டுமே.

பேக்கேஜ் கட்டும் கருவிக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. நிரலைத் தானே பிரித்துப் பார்த்து, எந்தெந்தத் துணை வேண்டும், 32ஆ 64ஆ என்று தானே பட்டியல் எழுதிக்கொள்ளும். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பழக்கத்தை ஒரே வரியில் நிறுத்தி வைத்தவன் நான். எடைக் கருவிக்காரனின் கோப்பு எந்தப் பேக்கேஜிலும் இல்லை என்று அது ஓயாமல் நச்சரித்தது. வாயை மூடு என்று நிறுத்திவிட்டு, வேண்டியவற்றின் பேர்களை மட்டும் கையால் எழுதிவைத்தேன். 32, 64 என்று எழுதவில்லை. எங்கள் ஆபீஸில் அப்போது 64 இருக்கவே இல்லை. இங்கே இயந்திரம் பேரைப் பார்த்தது, 64இல் அதே பேர் இருந்தது, சரி என்று உள்ளே விட்டுவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

முதலாளிக்குப் போன் பண்ணினேன். பொறுமையாகக் கேட்டார். “சரி, சரிபண்ணிப்போட்டு வா. சர்வர் கோளாறுன்னு சொல்லிக்கலாம். எழுதிக்கிழுதிக் குடுத்துறாத கண்ணு” என்றார்.

சரிபண்ண வேண்டியது ஒன்றுதான்: 32 பிட் துணைகள். லினக்ஸ் போட்ட டி.வி.டி.யிலேயே இரண்டு வகையும் இருக்கும். திருச்சிக்காரனைப் போனில் பிடித்தேன். “அங்கயே விட்டுட்டு வந்தேங்களே” என்றான். கோதண்டத்தைக் கேட்டேன். எனக்குத் தெரியாது என்றார். சுரங்க ஆபீஸில் இன்டர்நெட் கிடையாது. வேகமான இணைப்பு வேண்டுமென்றால் லப்பைக்குடிக்காட்டில் ஜாபர் பாய் பிரவுசிங் சென்டருக்குப் போங்கள் என்றார்கள்.

புதன்கிழமை அங்கே போனேன். வீட்டுக்கு ஒரு ஆள் வளைகுடாவில் இருக்கிற ஊர். துபாயிலும் ரியாத்திலும் இருக்கிறவர்களோடு பேசுவதற்காகவே ஜாபர் பாய் நல்ல இணைப்பு வாங்கிப் போட்டிருந்தார். தடுப்புக்கு அந்தப்பக்கம் ஒரு அம்மா, “புள்ளைக்கு ஜொரம் விட்டுருச்சு, நீங்க ஒழுங்கா சாப்புடுங்க” என்று கணினியைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப்பக்கம் நான், 32 பிட் துணைகள் பதிவிறக்கம் ஆகும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு. மூன்று தடவை அறுந்தது. மூன்றாவது தடவை நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஜாபர் பாய் என்னைக் கையைப் பிடித்து எழுப்பி எதிர்க்கடையில் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். சால்னாவில் அப்படி ஒரு மணம். இந்தச் சால்னாவுக்காக மட்டும் யாராவது அழைத்தால் மறுபடி வருவேன்.

என் வேலையைக் கேட்டவர், கையிலிருந்த புரோட்டாவை வைத்துவிட்டார். “கலைச்செல்வியா? அந்தப் பொண்ணு போன வாரம் இங்க வந்துதான் தம்பி லெட்டர் டைப் பண்ணிட்டுப் போச்சு. நான் அழிக்கலன்னு நாலு வரி. அத ஆபீஸுல வாங்கிக்கவே இல்லியாம். அழிச்சேன்னு எழுதுனாத்தான் வாங்குவாங்களாம். செய்யாதத செஞ்சேன்னு எப்படி எழுதும்? அல்லா பொறுக்க மாட்டான்.”

பில்லைக் கொடுக்கப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். அழித்தது யாருமில்லை, தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோழைத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

சாயங்காலம் சுரங்கத்துக்குத் திரும்பி, இறக்கிக் கொண்டுவந்ததைப் போட்டேன். மறுத்துவிட்டது. ஒரே துணையின் 32உம் 64உம் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். நான் கொண்டுவந்தது இரண்டு பதிப்பு புதிது. நெட்டில் அதுதான் கிடைத்தது. இதுதான் ஒழுங்காக மறுக்கும் பேக்கேஜ் என்று அதைப் பாராட்டும் மனநிலையில் அப்போது நான் இல்லை.

வியாழக்கிழமை காலை ஜாபர் பாய் சொன்ன அடையாளத்தை வைத்துக் கலைச்செல்வி வீட்டைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதுக்குள் இருப்பார். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், எடைமேடை என்றதும் ஈரத்துணியை வாளியிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தார். “லெட்டர் வாங்க வந்தீங்கன்னா அப்படியே போயிடுங்க.”

“இல்லீங்க. நீங்க எதையும் அழிக்கலைங்க. எனக்குத் தெரியும். அந்தப் பேக்கேஜைக் கட்டுனது நான்தான். தப்பு எம்மேலதான்.”

வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்: “ஃபைலு இல்லன்னு சொல்லுச்சே, எந்த ஃபைலுன்னு யாராச்சும் கேட்டாங்களா சார்?”

யாரும் கேட்கவில்லை. நானே திங்கட்கிழமை கேட்கவில்லை.

“இப்ப என்ன வேணும் உங்களுக்கு?” என்றார். டி.வி.டி. என்றேன். “திருச்சிக்காரரு மெசினுக்குள்ளயே வச்சுட்டுப் போயிட்டாரு. நான்தான் எடுத்து கவர்ல போட்டு என் டிராயர்ல வச்சேன். சாவி கோதண்டம் சார்கிட்ட இருக்கு. விசாரணைன்னு பூட்டி சீல் வச்சுட்டாரு.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. இரண்டு நாள் நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அந்த மேஜை மேல்தான். அங்கேயே நின்று கோதண்டத்தைத் திட்டினேன். கலைச்செல்வி அதற்குள் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். “நானும் வரேன். நீங்க சொன்னத அங்க வந்து எழுதித் தாங்க” என்றார். நான் தலையாட்டினேன். முதலாளியின் குரல் காதில் இருந்தது. அதை மறந்துதான் தலையாட்டினேன் என்று சொல்ல முடியாது.

சுரங்க வாசலில் காவலாளி அவரை உள்ளே விடவில்லை. கோதண்டத்தின் உத்தரவு. ஒரு லாரியின் நிழலில் போய் நின்றுகொண்டார். டிரைவர் ஒருவர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். நான் உள்ளே போய் டிராயரைத் திறக்கச் சொன்னேன். விசாரணை முடியாமல் முடியாது என்றார் கோதண்டம். வெளியே நிற்கிற லாரிகளைக் காட்டி, இதுவும் விசாரணை முடியும் வரைக்கும் நிற்கட்டுமா, உங்கள் தலைமை ஆபீஸில் கேட்டுச் சொல்லுங்கள் என்று கத்தினேன். நான் அவ்வளவு சத்தம் போடுவேன் என்று எனக்கே தெரியாது. சீலைக் கிழித்தார். கவர் இருந்தது. கவர் மேல் தேதி, சர்வர் எண், “லினக்ஸ் டிஸ்க், பத்திரம்” என்று அழகான கையெழுத்து.

இருபது நிமிஷம்தான். 32 பிட் துணைகள் ஏறின. பொத்தானை அழுத்தினேன். மேடையில் நின்ற லாரியின் எடை திரையில் வந்தது. கோதண்டம் என் முதுகில் தட்டினார். “பெரிய ஆளுதான் தம்பி நீங்க. அது அழிச்சத திரும்பக் கொண்டாந்துட்டீங்களே.”

நான் பேப்பர் கேட்டேன். முதலில் எழுதிய கடிதம் ஒரு பக்கம் வந்தது. 32, 64, துணை, பதிப்பு எல்லாம் இருந்தது. கோதண்டம் படித்துவிட்டு, தலைமை ஆபீஸில் யாருக்கும் புரியாது, எதற்கு வம்பு, சர்வர் கோளாறு என்று போட்டுவிடுங்கள், அந்தப் பெண்ணை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். மணி மூன்றரை. நான்கரைக்கு பஸ்ஸைப் பிடிக்காவிட்டால் காதுகுத்து போச்சு. ஒரு நிமிஷம் பேனாவை மூடியும்விட்டேன். ஜன்னல் வழியே பார்த்தேன், லாரி நிழல் நகர்ந்திருந்தது. கலைச்செல்வியும் அதோடு நகர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். “கோப்பை யாரும் அழிக்கவில்லை. முதல் நாளிலிருந்து அது அங்கேயே இருக்கிறது. புது இயந்திரத்தில் ஓடாத பேக்கேஜை ஓடும் என்று கட்டி அனுப்பியவன் நான். கலைச்செல்விக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.” கம்பெனி பேரை எழுதாமல் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோதண்டம் வாங்க மறுத்தால் தபாலில் உங்கள் தலைமை ஆபீஸுக்கு அனுப்புவேன் என்றேன். வாங்கிக்கொண்டார். காவலாளிக்குச் சொல்லி அனுப்பினார்.

கலைச்செல்வி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். நன்றி சொல்லவில்லை. ஜெராக்ஸ் எடுத்து, அதிலும் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். லாரிகள் நகர ஆரம்பித்தன.

பஸ் மாறி மாறி, வெள்ளிக்கிழமை காலை நேராகக் காதுகுத்துக்கே வந்து சேர்ந்தேன். என் மடியில் உட்கார்ந்து அழுத பயலின் புதுச்சட்டையெல்லாம் சுண்ணாம்பு. முதலாளி ஒரு வாரம் என்னைக் கண்ணு என்று கூப்பிடவில்லை.

கருவியின் வாயை அடைத்து வைத்த அந்த வரியை எடுத்துவிட்டு, பேக்கேஜைப் புதிதாகக் கட்டினேன். கருவி தானே பட்டியல் எழுதிக்கொண்டது. எடைக் கருவிக்காரனின் கோப்பையும் முறையாக உள்ளே சேர்த்தேன். மொத்தம் பதினைந்து நிமிஷ வேலை. சுரங்கத்தின் இரண்டாம் வாசல் எடைமேடைக்கும் 64 பிட் சர்வர் வந்திருந்தது, அதற்காக சி.டி.யை அனுப்பிவைத்தேன். நான்கு நாள் கழித்துக் கலைச்செல்வியிடமிருந்து போன்.

“சார், நீங்க அனுப்புனது ஏற மாட்டேங்குது. அது இல்ல, இது இல்லன்னு ஏழு பேரு போடுது. எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். படிக்கட்டுமா?”

“வேண்டாங்க. அது அப்படித்தான் சொல்லணும். டி.வி.டி.யிலிருந்து அந்த ஏழையும் போட்டுட்டுத் திரும்பப் போடுங்க, ஏறிக்கும்.”

பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

“இந்த ஏழு பேர அது அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் எட்டு நாளு வூட்ல உக்காந்திருக்க மாட்டேன்ல சார்?” என்றார்.

“ஆமாங்க” என்றேன்.